டிக்கி திறந்தபடி கரிவலம் வரை

காலை ஐந்தரை மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். கரிவலம்வந்தநல்லூர் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் இதையெல்லாம் பயணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும். டிக்கி மூடாத காரில், பின்னால் சீர் சாமான்கள் குலுங்க, பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அம்பாளைக் கூப்பிட, அவர்களில் யாரும் காஷ்மீருக்குப் போனதில்லை. நான் அப்படிக் கரிவலத்துக்குப் போயிருக்கிறேன். எண்பத்து மூன்றாம் வருடம், ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் தங்கை கோமதியைக் கரிவலத்தில் கொடுத்திருக்கிறோம். நிலபுலன் உள்ள குடும்பம். அவளுடைய மூத்த பையனுக்கு அன்று காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சீரும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். சீர் தெருவுக்குள் நுழையும்போது மேளம் வைத்து எதிர்கொண்டு அழைப்பார்கள். இதில் எங்களுக்கு இருந்த சங்கடம் ஒன்றே ஒன்று: எங்கள் வீட்டில் பிறந்த இரண்டும் பெண். மூத்தவள் நான், வடிவு, கல்யாணம் செய்துகொள்ளாத கணக்கு டீச்சர். இளையவள் கோமதி. தாய்மாமனுக்கு எங்கே போவது?

கோமதியின் மாமனார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மேலநீலிதநல்லூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் பரமசிவத்தின் மடியில் பிள்ளையை வைத்துவிடலாம் என்றார். எங்கள் அப்பா இறந்தபோது கொள்ளி வைத்தவன் அவன்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆண்பிள்ளை தான் ஒருவன்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கெட்டவன் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்தால் கதவு ஜன்னலையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

கோமதி ஊருக்கு வந்து அழுதாள். "அக்கா, சாமான் எல்லாம் நீ வாங்குன சாமான். ஆனா அவன் வேன்ல வந்து எறங்கும். ஊரு அவன் சீருன்னுதான் சொல்லும். மாமாட்ட கேட்டேன். சீரைக் கொண்டாந்து எறக்குறவந்தான் மாமன், அதுல என்னட்டி சந்தேகம்னு சொல்லிட்டாவ."

எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. யார் கொண்டுவந்து இறக்குகிறார்களோ அவர்கள்தான் மாமன். நல்லது. அப்படியானால் நான் கொண்டுபோய் இறக்குகிறேன் என்றேன். அம்மா வாயைப் பிளந்தாள். கோமதி அழுகையை நிறுத்திவிட்டாள்.

எங்கள் கார் கறுப்பு நிறம். ஒரு டாக்டரிடமிருந்து அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதல் நாள் சாயங்காலமே டிக்கியில் சாமான்களை ஏற்றிவிட்டேன். ஒரு பித்தளை அண்டா, ஒரு ஜோடி குத்துவிளக்கு, அதிரசமும் முறுக்கும் நிறைந்த இரண்டு டின், அரிசி, வெல்லம், தட்டுகள். பட்டுச்சேலை, வேட்டி, பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், தங்கக் கடுக்கன் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில். அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் போர்வையைப் போட்டுவிட்டு டிக்கி மூடியை இழுத்தேன். டிக்கி 'டப்'பென்று மூடிக்கொண்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் அது மூடியது.

ஆறரைக்கு மானூர். டீ நாற்பது பைசா. கடைக்காரர் இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"டிரைவரு டீ குடிக்கலையா? எங்கன போயிருக்காரு?"

"இவதான் டிரைவரு," என்றாள் அம்மா. பெருமையில் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேவர்குளம், பனவடலிசத்திரம் தாண்டினால் இருபுறமும் மானாவாரிக் கரிசல். மழை வரும் என்று நம்பி உழுதுபோட்ட நிலம். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. எதிரே வந்த பஸ்காரர்கள் பெண் ஓட்டுகிற காரைப் பார்த்ததும் ஒருமுறைக்கு இரண்டுமுறை ஹாரன் அடித்தார்கள். நானும் பதிலுக்கு அடித்தேன்.

ஏழே கால் மணிக்குச் சங்கரன்கோவில். ஞாயிற்றுக்கிழமையாதலால் விசைத்தறிச் சத்தம் அடங்கியிருந்தது. மற்ற நாட்களில் இந்த ஊரில் கத்திப் பேசித்தான் ஆகவேண்டும். அன்று சைக்கிள் மணியெல்லாம் கேட்டது. இங்கிருந்து கரிவலத்துக்கு இனி ராஜபாளையம் ரோட்டில் பத்து கிலோமீட்டர்தான். பத்தரைக்கு முகூர்த்தம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தேன். அதனால்தான் அம்மா கேட்டதற்குச் சரியென்று சொன்னேன்.

அம்மா கேட்டது இதுதான்: சீர் சம்பந்தி வீட்டுக்குப் போகும் முன் இந்த ஊர்க் கோமதி அம்மன் பார்வை அதில் பட வேண்டும். கோவில் வாசலுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்து வைத்தோம். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, குங்குமமும் புற்றுமண்ணும் வாங்கிவந்தோம். சங்கரன்கோவிலுக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், பூச்சி பொட்டு அண்டாது என்று வீட்டு மூலைகளில் போடுவார்கள். தேங்காய் உடைத்த கையைக் கழுவிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அம்மா அண்டாவிலிருந்து அரிசி மூட்டை வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்து, பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டவள் முகத்தோடு நின்றிருந்தாள்.

டிக்கியை இழுத்து மூடினேன். மூடவில்லை. கையை எடுத்ததும் மேலே எழும்பிவந்து நின்றது. இன்னும் பலமாக அடித்தேன். எழும்பியது. இரண்டு கையாலும் அழுத்தி மேலே சாய்ந்தேன். நான் நிமிர்ந்ததும் அதுவும் நிமிர்ந்தது.

பூக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா. இதுக்கு ஆம்பள கை வேணும்," என்றார். ஆண் கையால் அடித்தார். மூடவில்லை. இன்னொரு தடவை அடித்தார். அப்புறம் டிக்கியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னார்: "அண்டாதான் முட்டுது."

"இதே அண்டாவோடதான் பாளையங்கோட்டையில மூடிச்சு," என்றேன்.

"வழியில குலுங்கி எழும்பியிருக்கும்மா. எறக்கிப் பாப்போம்."

இறக்கினோம். கோவில் தெருவில் ஒரு சாக்கை விரித்து எங்கள் சீர் முழுவதையும் வைத்தோம். பத்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. அண்டா என்ன எடை, விளக்கு எந்த ஊர் வேலை என்றெல்லாம் பேச்சு. ஒரு பெண் அதிரச டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நெய் போட்டிருக்காவ," என்று எல்லோருக்கும் அறிவித்தாள். அந்த ஊர்க்காரர்கள் சீரை எடை போடுவதில் காட்டிய அக்கறையில் பாதியை டிக்கியில் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

காலி டிக்கியும் மூடவில்லை. அண்டாவின் மேல் இருந்த பழி நீங்கியது. பூக்கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளாமல் கடைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்து வந்தவர் லாரி ஓட்டி ஓய்ந்தவராம். அவராகவே சொன்னார். டிக்கி மூடியின் உள்பக்கம் தொங்கும் இரும்பு நாக்கு, கீழே இருக்கிற குழியில் போய் விழுந்தால்தான் பூட்டு மாட்டும். "நாக்கு தூக்கிக்கிட்டு நிக்கி. ரெண்டு போடு போட்டாப் படிஞ்சிரும்," என்று எங்கிருந்தோ ஜாக்கிக் கம்பியோடு வந்தார்.

"அடிக்காதியே அண்ணாச்சி, மொதல்ல என்னன்னு..." என்று நான் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் இரண்டு போட்டுவிட்டார். நாக்கு வளைந்து ஒரு பக்கமாகப் பார்த்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூட்டம் இரண்டடி பின்னால் போயிற்று. பட்டுச்சேலையோடு ரோட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து, யாரையும் கிட்ட விடாமல், நானே பார்த்தேன். நாக்கைத் தடவினேன். ரப்பர் பட்டையை விரலால் சுற்றி வந்து பார்த்தேன். பிறகு நாக்கு விழ வேண்டிய குழிக்குள் விரலை விட்டேன். விரல் பாதியில் நின்றது. உள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. கொண்டை ஊசியை எடுத்து நெம்பினேன். மஞ்சள் துணி ஒன்று வந்தது. நசுங்கி, தட்டையாகி, அடித்த அடியில் அடைபோல் இறுகிப்போன ஒரு முடிச்சு. பிரித்தால் உள்ளே புற்றுமண்.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோபுரத்தைப் பார்த்தாள்.

"எம்மா, இது என்ன?"

"புத்துமண்ணு."

"தெரியுது. இங்கன எப்படி வந்துச்சு?"

"நாந்தான் வச்சேன். பூட்டுக்குக் காவலா இருக்கட்டும்னு வச்சேன். வழியில யாரு கண்ணும் சீரு மேல படக்கூடாதுல்லா?"

"அதுக்கு ஓட்டைக்குள்ளயா வைப்பிய?"

"ஓட்டை சும்மாத்தானட்டி கெடந்துச்சு."

"இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"இத்தன ஆம்பளைய நின்னு ஆராய்ச்சி பண்ணும்போது நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பை அப்போதைக்கு விட்டுவிட்டுக் கோபத்தை வைத்துக்கொண்டேன். அன்று அது இன்னும் தேவைப்படும் என்று தோன்றியது.

எட்டே முக்கால். குழி இப்போது சுத்தம், ஆனால் நாக்கு வளைந்திருந்தது. ஒர்க் ஷாப்புகள் பாதி அடைப்பு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, "இதக் கழட்டிக் கொண்டுபோயி பட்டறையில காய்ச்சி நிமித்தணும்மா. இப்பிடியே நிமித்தினா ஒடிஞ்சிரும். பட்டறைக்காரரு இன்னைக்கு லீவு. வீட்டுல போயி எழுப்பிக் கொண்டாரணும். மத்தியானம் ஆயிரும்," என்றார். மத்தியானம் என்றால் எமகண்டம். நான் தலையை ஆட்டினேன். அவர் காசு வாங்காமல் போனார்.

சாமான்களை மறுபடி டிக்கிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது.

பரமசிவம் இறங்கினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் அங்கவஸ்திரம். வேனுக்குள் அவன் வீட்டு ஆட்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து கரிவலத்துக்கு இந்த வழியாகத்தான் போகவேண்டும். எங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷம் உண்மையானதுதான். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என்னக்கா, டிக்கி மூட மாட்டேங்குதா? விடுங்க, எதுக்குக் கஷ்டப்படுதிய? வேன்ல பின்னால எடம் கெடக்கு. ஏத்திருவோம். பெரியம்மா, நீங்களும் வந்து வேன்ல உக்காருங்க. அக்கா மெதுவா டிக்கியச் சரிபண்ணிட்டு வரட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். சரியென்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது, கூட்டம் நின்று பார்க்கிறது, வேனில் ஏற்றினால் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. அவன் ஆட்கள் இருவர் இறங்கிவந்து அண்டாவின் வளையத்தில் கை வைத்தார்கள்.

"கைய எடுங்க," என்றேன்.

"அக்கா, மேளமே வேனுக்குத்தான் சொல்லிவச்சிருக்கு. நீங்க..."

"பரமசிவம், அப்பாவுக்குக் கொள்ளி வச்ச. அதுக்கு நான் ஆயுசுக்கும் உன்னயக் கும்புடுதேன். ஆனா இது எங்க வீட்டுச் சீரு. எங்க வண்டியிலதான் வரும். நீ முன்னால போ. முகூர்த்தத்துக்கு நாங்க வந்து சேருதோம்."

அவன் சிரித்தான். "டிக்கி மூடாம எப்பிடிக்கா வருவிய?"

"மூடாமத்தான்."

வேன் போயிற்று. கூட்டத்தில் இருந்த ஒருவர், நிலைமையைப் புரிந்துகொண்டு ஓடிப்போய் நார்க்கயிறு கொண்டுவந்தார். டிக்கி மூடியைப் பாதி இறக்கி, கீழே பம்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதும். எவ்வளவு எளிய வழி! கயிற்றைக் கையில் வாங்கிவிட்டேன். அப்போது அம்மா என் கையைப் பிடித்தாள். அதுவரை அப்படிப் பிடித்ததே இல்லை.

"கயிறு வேண்டாம்ட்டி. நார்க்கயித்தால கட்டுதது எத? உங்க அப்பாவப் பாடையில வச்சு இந்தக் கயித்தாலதான் கட்டினாவ. சீரை அப்பிடிக் கட்டிக் கொண்டுபோகக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. கயிறு கொண்டுவந்தவரே, "ஆச்சி சொல்லுதது நியாயம்," என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். நான் இந்தச் சாத்திரத்தையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. புற்றுமண் கூத்துக்குப் பிறகு இன்னொரு சாத்திரமா என்று கத்தியிருப்பேன். ஆனால் அம்மா என் கையை விடவில்லை. அது சாத்திரம் இல்லை. அவள் கண்ணால் பார்த்தது.

கயிறு இல்லாவிட்டால் என்ன, கட்டுவதற்கு நீளமாக, உறுதியாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதானே? சங்கரன்கோவிலில் நின்றுகொண்டு அதற்கா பஞ்சம்! ரத வீதியில் ஒரு சேலைக் கடை திறந்திருந்தது. இந்த ஊர்த் தறியில் நெய்த பருத்திச் சேலைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"யாருக்கும்மா சேலை? வயசு என்ன? நெறம் எப்பிடி?"

"டிக்கிக்கு அண்ணாச்சி. நெறம் கறுப்பு."

அவர் என்னைப் பார்த்தார், வெளியே எட்டிப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு சேலையை இழுத்துப் போட்டார். நல்ல சிவப்பு, மஞ்சள் கரை. "இது சாயம் போகாது. இழுத்தாலும் கிழியாது. முப்பத்தெட்டு ரூவா," என்றார். சீரைக் கட்டுவதற்கு என்றதும் ஒரு துண்டு மஞ்சளையும் முந்தியில் முடிந்து கொடுத்தார்.

சேலையை முறுக்கி, டிக்கிக் கைப்பிடியில் கோத்து, பம்பரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். மூடி பாதி திறந்த நிலையில் நின்றது. அண்டா வெளியே தெரிந்தது, விளக்குகளின் தலை தெரிந்தது, டிரங்குப் பெட்டியும் தெரிந்தது. முந்தானை மட்டும் மிஞ்சித் தொங்கியது. அம்மா சுற்றிவந்து பார்த்து, "இப்ப சரி," என்றாள்.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. அதற்கு மேல் போனால் மூடி குதித்தது. ராஜபாளையம் ரோட்டில் அந்தக் காலை நேரத்தில் எங்களைக் கடந்துபோன அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். முதலில் ஒரு சைக்கிள்காரர்: "எக்கா, டிக்கி தொறந்து கெடக்கு!" தெரியும் என்றேன். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர்: "டிக்கி! டிக்கி!" தெரியும் என்றேன். பஸ் ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடித்து, கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "டிக்கி மூடலம்மா!" என்றார். பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

எனக்கு அலுத்துவிட்டது. தலையை வெளியே நீட்டி, "சீரு போகுது!" என்று கத்தினேன்.  பஸ்ஸுக்குள் யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அம்மா முதல்முறையாகச் சிரித்தாள்.

வழியில் ஓர் ஆட்டுக்கிடை ரோட்டைக் கடந்தது. பொறுமையாகக் கடந்தது. ஆடு மேய்க்கும் கீதாரி அவற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டே, காரின் பின்பக்கம் வந்து பார்த்தார்.

"எந்த ஊருக்குச் சீரு?"

"கரிவலத்துக்கு."

"மாமன் முன்னால போயிட்டாரோ?"

"நாந்தான் மாமன்," என்றேன். சும்மா வந்த வார்த்தை. ஆனால் சொல்லிப் பார்த்தபோது வாய்க்கு நன்றாக இருந்தது. அவர் ஒன்றும் வியக்கவில்லை. "அப்பம் சீக்கிரம் போங்க, நேரம் ஆகுது," என்று மிச்ச ஆடுகளை விரட்டினார்.

பத்து முப்பத்தைந்துக்குக் கரிவலம். பெரிய கோவிலைத் தாண்டிக் கோமதி வீட்டுத் தெருவுக்குள் திரும்பினேன். பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது. மேளக்காரர்கள் பந்தல் நிழலில் சாய்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் ஓரமாக நின்றது. நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். யாரும் அசையவில்லை. நாயனக்காரர் மட்டும் எழுந்து வந்தார்.

"எதிர்மேளம் வாசிச்சாச்சேம்மா. வேன் வரும்போதே வாசிச்சிட்டோம்."

"வேன்ல என்ன சீரு வந்துச்சு?"

அவர் யோசித்தார். "ஆளுகதான் எறங்குனாவ."

"அப்பம் வேனுக்கு வாசிச்சிருக்கிய. இப்ப சீருக்கு வாசிங்க."

அவர் பந்தலுக்குள் பார்த்தார். கோமதியின் மாமனார் வாசலுக்கு வந்துவிட்டார். பெரிய மீசை, பெரிய குரல். ஆனால் அன்று அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வடிவு, வா. அம்மாவையும் கூட்டிட்டு உள்ள வா. சாமான பசங்க எறக்குவாங்க. ரெண்டு தடவ மேளம் வாசிச்சா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா. மேளம் இல்லாம முடிச்ச அவுக்க மாட்டேன்."

தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்துவிட்டார்கள். டிக்கி திறந்திருந்தது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அண்டா, விளக்கு, டின், பெட்டி எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்தன. மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். பரமசிவம் அவர் பின்னால் வந்து நின்றான். நான் பம்பரில் கை வைத்து நின்றேன். 

கோமதி வெளியே வந்தாள். இடுப்பில் பிள்ளை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, புதுச்சட்டை போட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் மாமனாரைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, தெருவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, எங்க அம்மா வீட்டுச் சீரு தெருவுல நிக்கி. மேளம் வாசிச்சா அதுகூட உள்ள வாரேன். வாசிக்கலன்னா பிள்ளையோட இங்கனயே நிக்கேன்."

கல்யாணமாகி அந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். குரல் கம்மிப்போய்த்தான் வந்தது. ஆனால் வந்தது.

மாமனார் நாயனக்காரரைப் பார்த்து, "வாசியும் வே," என்றார்.

சேலை முடிச்சை அம்மா அவிழ்த்தாள். தட்டுகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அண்டாவைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் பரமசிவம். அதை நான் தடுக்கவில்லை.

பதினொன்றே கால். பந்தலுக்குள் மணை போட்டிருந்தது. ஆசாரி தங்க ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தாய்மாமனைக் கூப்பிடுங்க," என்றார். பரமசிவம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தான். அதற்குள் நான் போய் மணையில் உட்கார்ந்துவிட்டேன்.

 ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கவில்லை.

"வடிவு," என்றார் மாமனார், "பொம்பள மடியில வச்சுக் காது குத்துத வழக்கம் நம்ம பக்கம் கெடையாது."

"சீரைக் கொண்டாந்து எறக்குறவந்தான் மாமன்னு நீங்கதான மாமா சொன்னது? கொண்டாந்து எறக்கியிருக்கேன். ஊரே பாத்துது."

"சொன்னேன். ஆனா வழக்கம்னு ஒண்ணு..."

"இன்னையில இருந்து உண்டு," என்றேன். "பிள்ளையத் தாட்டி."

கோமதி பிள்ளையை என் மடியில் வைத்தாள். மாமனார் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எமகண்டத்துக்கு அவர் பயந்தாரா, ஊருக்கு முன் ஒப்புக்கொண்ட சொல்லுக்குப் பயந்தாரா, தெரியாது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆசாரி, நேரம் ஆகுது, குத்தும்," என்றார். பரமசிவம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது. எழுந்து இடம் கொடுக்குமளவுக்குப் பாவமாக இல்லை.

முதல் காதில் குத்தியபோது பிள்ளை திகைத்துப்போய்ச் சும்மா இருந்தான். இரண்டாவது காதில் ஊர் அதிரக் கத்தினான். என் கையைக் கடித்தான். பட்டுச்சேலையை நனைத்தான். அவன் தலையை என் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சந்தனமும் வியர்வையும் கலந்து மணத்தது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லையே என்று பரிதாபப்படுகிறவர்களிடம் நான் எரிந்து விழுவது வழக்கம். அன்று அந்தக் கனம் மடியில் இருந்தபோது யார்மேலும் எரிந்து விழத் தோன்றவில்லை.

நாலு மணி. நாலரைக்கு ராகுகாலம் என்று அம்மா அவசரப்படுத்தினாள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் மடி கொடுத்தார்கள் என்று மறுநாளே மறந்துவிடுவார்கள். அங்கே அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியவே ஒரு வருடம் ஆகும். கரிவலத்தில் அப்படியில்லை. இன்னும் பத்து வருடத்துக்கு இதைப் பேசுவார்கள், சிரித்தோ திட்டியோ. அதுவும் ஒருவகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

கோமதியின் ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள் செல்லம்மாள், வெற்றிலைப் பாக்குத் தட்டோடு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். காலையிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இப்போதும் முதலில் பின்னால் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டாள். வயிறு மேடிட்டிருந்தது.

"எக்கா, எனக்கும் ஒடம்பொறந்தான் கெடையாது. மூத்தது ரெண்டுக்கும் யாரோ ஒருத்தரு மடியிலதான் வச்சாவ. அவரு பேரு கூட எனக்கு இப்பம் மறந்துபோச்சு." மறுபடி திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்கு நீங்க வருவியளா?"

"வாரேன். ஆனா என்ன மொறையில வந்திருக்கான்னு கேப்பாவளே, என்ன சொல்லுவ?"

"தாய்மாமன்னு சொல்லுதேன்," என்றாள்.

தேதியை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு என்று சொல்லி, வண்டியைக் கிளப்பினேன்.